உனக்கு ஏது கால்?

எனக்கு உடம்பு கிடையாது என்று என் வீட்டுக்காரர் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான வருடத்தில் ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை. "வாங்க, வாங்க! உடம்பே இல்லாத பொம்பளை! கழுத்துக்குக் கீழ வெறும் காத்து! கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் அதிசயத் தலை! குழந்தை குட்டியோட வாங்க!" என்று அவர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கூவும்போது, வெறும் காற்றாக இருக்க வேண்டிய நான் மேசைக்கு அடியில் குட்டை ஸ்டூலில் கால்களை மடக்கி உட்கார்ந்து இடுப்பைச் சொறிந்துகொண்டிருப்பேன்.

பொருட்காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ராட்டினம் ஒரு பக்கம், பேய் வீடு ஒரு பக்கம், மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரு பக்கம். நடுவில் அரசாங்கக் கொட்டகை. அதில் ஒவ்வொரு துறையும் ஒரு பொம்மை அணை, ஒரு பொம்மைப் பாலம் என்று செய்து வைத்து, பக்கத்தில் ஒரு அதிகாரியையும் உட்கார வைத்திருக்கும். இந்த வருடம் ஒரு பூசணிக்காய் முதல் பரிசு வாங்கியதாம். அதை இறக்கி வைக்க ஒரு கூட்டமே தேவைப்பட்டதாம். 'ஆம்' போட்டுத்தான் நான் சொல்ல முடியும். வாசல் திறந்ததிலிருந்து மூடும் வரைக்கும் நான் மேசையில் இருப்பேன். பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் கூடாரத்தில் நின்று பேசுவதைக் கேட்டுத்தான் எனக்குப் பொருட்காட்சி தெரியும்.

வித்தை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? மேசைக்கு மூன்று கால்கள். அவற்றுக்கு நடுவில் இரண்டு கண்ணாடிகளை, பாதி விரித்த புத்தகத்தைப் போல, முதுகு கூட்டத்தைப் பார்க்க நிறுத்தியிருப்போம். கண்ணாடியில் தெரிவது இரு பக்கத்துத் திரைகள். பக்கத்துத் திரையும் பின்திரையும் ஒரே நீலம் என்பதால், பார்க்கிறவர்களுக்கு மேசைக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் பின்திரை வரைக்கும் தெரிவதாகத் தோன்றும். கண்ணாடிக்குப் பின்னால் நான். மேசையில் போட்ட ஓட்டை வழியே என் தலை மட்டும் மேலே. கழுத்தைச் சுற்றி ஒரு பித்தளைத் தட்டு. அவ்வளவுதான்.

இதில் என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. மேசைக்கு இரண்டு பக்கமும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் ஆடலாம், பாடலாம், குட்டிக்கரணம் போடலாம். தாண்டிவிட்டால் அவருடைய கால் கண்ணாடியில் விழும். பார்க்கிறவர்களுக்கு என் தலைக்குக் கீழே பேண்ட் போட்ட இரண்டு கால்கள் நிற்கும். அப்புறம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். வீட்டில் ஈரக்காலோடு எங்கே வேண்டுமானாலும் நடக்கிற மனிதர், அந்தக் கோட்டை மட்டும் ஒருநாளும் மிதித்ததில்லை.

எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. உடம்பைப் பற்றிய பேச்சே என் வாயில் வரக்கூடாது. கேட்க லேசாக இருக்கும். உடம்பு இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். ஒருவர் மேல் பொறாமை என்றால் வயிற்றெரிச்சல் வந்துவிடும். வேலை அதிகம் என்றால் கை ஓடவில்லை என்று வந்துவிடும். நம்முடைய பேச்சில் எதைச் சொல்லப் போனாலும் ஒரு உறுப்பு குறுக்கே வந்து நிற்கும். அப்படித்தான் முதல் வருடம் ஒரு அம்மா, "கூட்டம் எப்படி?" என்று கேட்டதற்கு, நான் வாய் தவறி, "அதை ஏன் கேக்குறீங்க, கால் வைக்க இடமில்ல" என்றுவிட்டேன். கூடாரம் அப்படியே அடங்கிப் போனது. எனக்கு வியர்த்தது. என் வீட்டுக்காரர் ஒரு நொடி கூட யோசிக்காமல் மைக்கில், "உனக்கு ஏது கால்?" என்றார்.

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து ராட்டினத்தில் ஏறியவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து அது காட்சியில் சேர்ந்துவிட்டது. நான் வேண்டுமென்றே வாய் தவறுவேன், அவர் கேட்பார். உனக்கு ஏது கை, உனக்கு ஏது வயிறு, உனக்கு ஏது முதுகு. எல்லாவற்றிலும் கால்தான் அதிகக் கைதட்டல் வாங்கும். இரண்டாம் முறை வருகிறவர்கள் அவரோடு சேர்ந்தே சொல்வார்கள்.

மற்றதெல்லாம் என் வாய் சாமர்த்தியம். "தலைவி, உடம்ப எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்று கேட்பார்கள். "வீட்டுல பாத்திரம் கழுவ விட்டுட்டு வந்திருக்கேன்" என்பேன். இதற்குப் பெண்கள்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "தலைவலி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றால், "உங்களுக்கெல்லாம் தலை மட்டும்தான் வலிக்கும். எனக்குத் தலைவலி வந்தா உடம்பு முழுக்க வலி" என்பேன். தலைவி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். காட்சிக்காக வைத்தார், வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அவரைப் பொருட்காட்சியில் எல்லோரும் மைக் என்பார்கள். எங்கள் மகள் சின்ன வகுப்பில் அம்மாவின் தொழில் என்ன என்ற கேள்விக்கு 'தலை' என்று எழுதினாள். டீச்சர் எழுத்துப்பிழை என்று நினைத்து 'கலை' என்று திருத்திக் கொடுத்துவிட்டார். மைக் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுக் கூடாரத்து வாசலில் மாட்டினார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், தாள் இன்னும் தொங்குகிறது.

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி நான் சொல்லப்போவது வெறும் புகாராகத் தெரியும். அவருக்கு இரண்டு குரல்கள். ஒன்று மைக்குக்கு. அது வாசல் வரைக்கும் போய் ஆளைக் கூட்டி வரும். இன்னொன்று வீட்டுக்கு. அது மெதுவாக வரும், பாதி வாக்கியத்தில் நிற்கும், மீதியை நான்தான் முடித்துக்கொள்ள வேண்டும். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் ஒரு டம்ளர் டீயோடு வந்து, என் கைகள் மேசைக்கு அடியில் இருப்பதால், ஊதி ஊதி என் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுப்பார். குடித்து முடித்ததும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிடுவார். அப்போதெல்லாம் அந்த இரண்டாவது குரலில், "சூடா இருக்கா... இரு..." என்பார். நான் அந்தக் குரலோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொருட்காட்சி ஆரம்பித்தபோதே என் முழங்கால் சரியில்லை. மடக்கினால் நீட்ட முடியவில்லை, நீட்டினால் மடக்க முடியவில்லை. கெண்டைக்கால் வேறு நினைத்த நேரத்தில் சுருட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒருநாள் காலையில், கூடாரத்துக்குப் பின்னால் தகரம் அடித்த எங்கள் அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து மைக்கைப் பிரித்துப் போட்டு, சின்ன ஸ்க்ரூவை உதட்டில் இடுக்கிக்கொண்டு, வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்.

"என்னங்க, கால் ரொம்ப வலிக்குது."

அவர் தலையைத் தூக்கவில்லை. வயரைப் பார்த்தபடியே, ஸ்க்ரூ கீழே விழாமல், மைக் குரலில் சொன்னார்.

"உனக்கு ஏது கால்?"

சிரித்திருந்தால் கூட நான் சும்மா விட்டிருப்பேன். கிண்டல் பண்ணுகிறார் என்று ஒரு கரண்டியை வீசியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னது அவருக்கே தெரியவில்லை. தட்டினால் திறக்கிற கதவைப் போல, நான் கால் என்றதும் அந்த வாக்கியம் தானாகத் திறந்துகொண்டது. அடுத்த நொடி, "அந்தக் குறட்ட எடு" என்றார். நான் குறட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். டீயைக் கீழே வைத்தேன். அதோடு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மதியம் வரைக்கும் அவருக்கு நான் பேசவில்லை என்பதே உறைக்கவில்லை. உறைத்த பிறகு பின்னாலேயே சுற்றினார்.

"என்ன ஆச்சு? நான் ஏதாவது சொன்னனா?"

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னன்னு சொல்லு, மன்னிப்பு கேட்டுடறேன்."

"எதுக்குன்னே தெரியாம கேக்குற மன்னிப்ப வச்சு நான் என்ன பண்றது?" என்றேன். அதுதான் மேடைக்கு வெளியே நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

என் தங்கச்சி தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "வாக்கா, கடைக்கு மேல ரூம் சும்மாத்தான் கெடக்கு. வந்து காலை நீட்டிப் போட்டு உக்காந்து பட்டன் தைச்சுக் கொடு, அது போதும்" என்றாள். அவள் சொன்ன மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. காலை நீட்டிப் போட்டு என்றது மட்டும் நின்றது. பொருட்காட்சி முடிந்த மறுநாள் வருகிறேன் என்றேன். போனால் திரும்பி வருவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். ஒரு பையில் புடவைகளை மடித்து வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

இதை அவரிடம் சொல்ல வேண்டுமே. பேசாமல் எப்படிச் சொல்வது? பக்கத்துக் கடை பஞ்சுமிட்டாய் அக்காவைத் தூது அனுப்பினேன். அக்கா எதையும் சர்க்கரை சேர்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. "தலைவிக்குத் தங்கச்சி ஞாபகம் வந்திருச்சாம், நாலு நாள் போய்ட்டு வரட்டுமே" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவரும், "அதுக்கென்ன, தாராளமா..." என்றாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். காட்சி ஆரம்பிக்காத நேரம், ஆகவே எனக்குக் கை இருந்தது.

அதனால் மேடையில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மேடையில் மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளத்தானே வேண்டும்? அந்த நாட்களில் எங்கள் கூடாரத்துக்கு நல்ல கூட்டம். கேள்வி பதிலில் இத்தனை காரம் அவர்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"தலைவி இன்னிக்கு ஏன் உம்முன்னு இருக்காங்க?" என்று அவர் மைக்கில் கேட்பார். பாவம், நிஜமாகவே கேட்பார்.

"வெறும் காத்துக்குக் கோபம் வந்தா என்ன, வராட்டி என்ன?" என்பேன். கூட்டம் சிரிக்கும்.

ஒருநாள் பஞ்சுமிட்டாய் வாங்கி வந்து, காட்சியின் நடுவில் என் வாய்க்கு நேரே நீட்டினார். எனக்குப் பஞ்சுமிட்டாய் என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பிறகு சொன்னேன்.

"எனக்கு ஏது வயிறு?"

கைதட்டல். அவர் மட்டும் கையில் மிட்டாயோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடுவது போல் இருந்து நழுவிப் போனதை நான் பார்த்தேன். டீக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவிடம் ஸ்ட்ரா வாங்கி வைத்துக்கொண்டேன். டம்ளரை வைத்துவிட்டு அவர் எட்டப் போய் நிற்பார். ஸ்ட்ராவில் சூடான டீயை உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். ரோஷத்தில் அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள், வழக்கமான கேள்வியை அவர் கேட்டார். "தலைவி, அடுத்த ஊர்ல நம்ம காட்சி எப்போ?"

"அடுத்த ஊர்ல வேற தலை பாத்துக்கங்க. நான் போறேன், திரும்பி வர மாட்டேன்."

கூட்டத்தில் ஒருவன், "எப்படிப் போவீங்க, கால் இல்லையே!" என்று கத்தினான். கூடாரமே குலுங்கியது. என் வீட்டுக்காரரும் பழக்கத்தில் சிரிக்க வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு அப்போதுதான் நாலு நாள் இல்லை, மொத்தமாக என்று புரிந்தது. அந்தக் காட்சியின் மீதியை அவர் எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. அன்று கட்டிலுக்கு அடியில் இருந்த பையை அவர் பார்த்தார். தொடவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் உள்ள அத்தனை பேரும் இன்றோடு முடிந்துவிடும் என்று கிளம்பி வந்துவிட்டார்கள். ஒரு காட்சி முடிந்து வெளியே போகிறவர்களோடு அடுத்த காட்சிக்கு வருகிறவர்கள் முட்டிக்கொண்டார்கள். மற்ற நாட்களில் நடுவில் எழுந்து காலை உதறிவிட்டு வந்து உட்காருவேன். அன்று அதற்கும் நேரமில்லை. மத்தியானம் மடக்கிய கால், சாயங்காலம் விளக்குப் போடும்போதும் மடக்கியபடியே இருந்தது.

முன்வரிசையில் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மீசைக்காரர் நின்றார். "தலைவி, உங்களுக்குத் தலைவலி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. அந்த வலி வந்தவர்களுக்குத்தான் அது தெரியும். நரம்பை யாரோ கயிறு திரிப்பது போல முறுக்கினார்கள். காலை நீட்டினால் கண்ணாடி உடையும். குனிந்து பிடித்துவிடலாம் என்றால் கழுத்தில் தட்டு. "எனக்குத் தலைவலி வந்தா..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டி வழிந்தது. துடைக்கக் கை மேலே வராது. எத்தனையோ வருடங்களாகத் தலையாக இருக்கிறேன், ஒரு தலையால் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கால்..." என்றேன். "கால்..."

கூட்டம் இதைக் காட்சி என்று நினைத்தது. பின்னால் இருந்து, "மைக்கண்ணே, சொல்லுங்க! சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தார்கள். தெரிந்தவர்கள் சேர்ந்து சொல்லத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"உனக்கு ஏது..."

நின்றுவிட்டார்.

என் வேலையில் எதிரே இருக்கிற முகங்களைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஆகவே முகம் பார்க்க எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து பாதி வந்து, திரும்பி உள்ளே போய், அடுப்பும் கட்டிலும் ஸ்க்ரூவுமாக இருந்த அந்தக் காலையைத் தேடிக் கண்டுபிடித்ததை நான் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிப் போனது. கூட்டத்தில் பாதிப் பேர், "கால்!" என்று தாங்களே முடித்துவிட்டுச் சிரித்தார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. மேசைக்கு வந்து, மைக்கை என் காதோரம் வைத்தார். கைக்குட்டையை எடுத்து என் கண்ணைத் துடைத்தார். பிறகு திரும்பி, நேராக நடந்து, கோட்டைத் தாண்டினார்.

"டேய், கால்! கால்டா!" என்று ஒரு கூச்சல் கிளம்பியது. "தலைக்குப் பேண்ட் போட்ட கால் முளைச்சிருச்சு!" கீழே என்ன தெரிகிறது என்று என்னால் பார்க்க முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை. பழுப்பு நிறப் பேண்ட், வலது முட்டியில் நான் போட்ட ஒட்டு, தேய்ந்த செருப்பு. என் தலைக்குக் கீழே அவருடைய கால்கள் நடந்து போய் மறைந்தன. பின்திரை அசைந்தது. அடுத்த நொடி என் காலில் அவர் கை.

கட்டை விரலைப் பிடித்து மேலே இழுத்தார். உள்ளங்கையால் கெண்டையை அழுத்தி நீவினார். கீழே இருந்து அந்த இரண்டாவது குரல் வந்தது.

"அன்னிக்கு... டீ போட்டப்போ... அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க."

"நான் வயரு..."

"வாயில ஸ்க்ரூவ வச்சுக்கிட்டு சொன்னீங்க."

கொஞ்ச நேரம் நீவிக்கொண்டே இருந்தார். "நெனச்சுச் சொல்லலம்மா. தானா வந்துருச்சு."

"நெனச்சுச் சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன். நெனைக்காமச் சொன்னீங்க பாருங்க, அதுதான் வலிக்குது."

"இப்ப வலி கொறஞ்சிருக்கா?"

"விடுங்க காலை. ஜனங்க பாக்குறாங்க."

"நீ போகலன்னு சொல்லு. அதுவரைக்கும் விட மாட்டேன்."

முன்வரிசை மீசைக்காரர் கயிற்றைத் தாண்டி வந்து கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, கூடாரத்தைப் பார்த்துத் திரும்பி அறிவித்தார். "யோவ், மைக்கு காலைப் பிடிச்சிட்டாருய்யா!"

அப்போது எழுந்த சிரிப்பும் கைதட்டலும் கூடாரத்துக்குள் மட்டும் எழவில்லை. வெளியே ராட்டினத்தின் உச்சியிலிருந்து விசில் வந்தது. பஞ்சுமிட்டாய் அக்கா, "போகாத தலைவி!" என்று கத்துவது கேட்டது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அணைக்காத மைக் என் காதோரம் உயிரோடு இருந்தது. ஒலிபெருக்கி ராட்டினத்தைப் பார்த்துக் கட்டியிருந்தது. பொருட்காட்சி மொத்தமும், பேய் வீட்டுக்குள் இருந்தவர்கள் உட்பட, எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டு முடித்திருந்தது. எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. தலையை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது? தட்டில்தான் இருக்க வேண்டியிருந்தது.

வித்தை வெளியான பிறகு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். வெளியே வரிசை அரசாங்கக் கொட்டகை வரைக்கும் நின்றது. பூசணிக்காயைப் பார்க்க வந்தவர்களும் எங்கள் வரிசையில் நின்றார்களாம். "அந்தக் காலைப் பிடிக்கிறவரைக் காட்டுங்க" என்று கேட்டார்கள். மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு புதிதாகக் கூவ ஆரம்பித்தார். "வாங்க, வாங்க! கால் உள்ள தலை! அந்தக் காலுக்கு வலி உள்ள தலை! புருஷன் கோட்டைத் தாண்டுற அதிசயம்!" அன்று மீதி இருந்த ஒவ்வொரு காட்சியிலும் கோட்டைத் தாண்டினார், காலைப் பிடித்தார், கைதட்டல் வாங்கினார். மூன்றாவது தடவையிலிருந்து கும்பிடு போடவும் ஆரம்பித்துவிட்டார். டீ கொண்டுவந்தபோது நான் ஸ்ட்ராவைக் கேட்கவில்லை.

பையை மட்டும் நான் பிரிக்கவில்லை.

பிடிவாதம் என்று அக்கா திட்டினாள். "ஊரே பாக்கக் கால்ல விழுந்துட்டாரு, இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? ஊரே பார்க்க அவர் எதையும் நன்றாகத்தான் செய்வார். அது அவர் தொழில். என்னை நோகடித்தது கூட்டத்தின் முன்னால் நடந்ததில்லை. அடுப்புப் பக்கத்தில், யாரும் இல்லாத நேரத்தில், வீட்டுக் குரல் வர வேண்டிய இடத்தில் மைக் குரல் வந்தது. தங்கச்சியிடம் வருவதாகச் சொன்னதை நான் மாற்றவில்லை. அவரும் மேடையில் கேட்டதை அறைக்குள் கேட்கவில்லை. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் காலை மைதானத்தில் சுத்தியல் சத்தம். ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கண்ணாடிகளை இரண்டு கம்பளிக்கு நடுவில் சுற்றிச் சுவரில் சாய்த்திருந்தோம். பையை எடுத்துக் கதவோரம் வைத்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் டீ போட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியின் பின்மூடியைக் கழற்றி மடியில் வைத்து, சின்ன ஸ்க்ரூவை உதட்டில் இடுக்கி, ஒரு வயரை இன்னொரு வயரோடு முறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே. வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு உலகம் தெரியாது.

நான் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டேன். சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும், அல்லது எடுக்கத் தேவையிருக்காது. பயமாகத்தான் இருந்தது.

"என்னங்க," என்றேன். "கால் வலிக்குது."

அவர் தலையைத் தூக்கவில்லை. வயரை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. உதட்டிலிருந்து ஸ்க்ரூவை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒலிபெருக்கியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். பிறகு அந்தச் சின்னக் குரலில், முழு வாக்கியமாக, கேட்டார்.

"எந்தக் கால்?"

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு எந்தக் காலும் வலிக்கவில்லை. ராத்திரி முழுக்க நீட்டிப் போட்டுத் தூங்கியிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டும்" என்றேன்.